வலக்காலில் இறங்கிய சீனி

உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் போகிற பஸ்ஸுக்குப் புதிதாக ஒரு தரிப்பிடம் முளைத்திருந்தது. வீதியில் அதற்குப் பலகை கிடையாது. கண்டக்டரின் வாயில்தான் இருந்தது. "சீனிக்கல் எல்லாம் இறங்குங்கோ" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பாதி பஸ் காலியாகிவிடும். இறங்கியவர்கள் ஒரு கையில் மீன் பையும் மறு கையில் செருப்புமாகக் கடற்கரையை நோக்கி நடப்பார்கள். மூதூரில் இருந்து வான் பிடித்து வந்தவர்களும் புல்மோட்டையில் இருந்து விடியவே வெளிக்கிட்டு வந்தவர்களும் அந்த ஊர்வலத்தில் சேர்ந்துகொள்வார்கள். எல்லாருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. எல்லாரும் சீனிக்கல் ஐயாவைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

ஐயாவுக்கு எந்த ஊர் என்று கேட்டால் கடலைக் காட்டுவார். கடலுக்கு அந்தப் பக்கமா, கடலுக்கு உள்ளேயா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. தமிழர்கள் அவரைச் சாமி என்றார்கள். முஸ்லிம்கள் பாவா என்றார்கள். இரண்டுக்கும் அவர் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் எதுவும் பூசமாட்டார், தலையில் எதுவும் போடமாட்டார். வியாபாரம் தெரிந்த மனிதர், எந்தப் பக்கத்து வாடிக்கையாளரையும் இழக்க அவருக்கு விருப்பமில்லை.

அவருடைய ஆஸ்பத்திரி, முன்பு வலை போட்டு வைத்த ஓலைக் கொட்டில். உள்ளே ஒரு கதிரை. கதிரைக்கு முன்னால் ஓர் அகலத் தொட்டி நிறைய வெள்ளை மணல். நோயாளி கதிரையில் இருந்து ஒரு காலை மணலுக்குள் வைக்க வேண்டும். ஆண்கள் என்றால் வலக்கால், பெண்கள் என்றால் இடக்கால். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை. காரணம் சொல்லாத சட்டத்துக்குத்தானே எங்கள் ஆட்கள் பயபக்தியோடு கட்டுப்படுவார்கள். முழங்காலில் இருந்து தொட்டி வரைக்கும் ஒரு வெள்ளைத் துணி மூடியிருக்கும். சீனி இறங்குகிறபோது கண்ணூறு பட்டால் திரும்பவும் ஏறிவிடுமாம்.

ஐயா சிவப்புத் துணியில் பொதிந்த ஒரு கல்லைக் கையில் எடுப்பார். பாம்பு விஷத்தை உறிஞ்சுகிற கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், இது சீனியை உறிஞ்சுகிற கல். அதைத் துணிக்குள் கொண்டுபோய்க் காலைச் சுற்றி மணலில் உருட்டுவார். வாய் முணுமுணுக்கும். கண் மூடியிருக்கும். கல்லை வெளியே எடுத்தால், அதன் மேல் கறுப்பாக, மயிர் முளைத்த மாதிரி, பொடிப் பொடியாக ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கும்.

"எரிஞ்ச சீனி" என்பார் ஐயா. "உடம்புச் சூட்டிலை எரிஞ்சு கறுத்துப் போய்க் கிடந்தது. இண்டைக்கு இறங்கிட்டுது."

கூட்டம் பெருமூச்சு விடும். அந்தக் கறுப்புப் பொடியை ஒரு சின்னப் போத்தலில் போட்டு நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுவார். சனம் அதை வீட்டு அலுமாரியில், பிள்ளைகளின் பரிசுக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தது. சீனியைக் கருக்கினால் பாகாகி விரலில் ஒட்டும், மண் மாதிரி நறநறக்காது என்பது எங்கள் குசினிகளில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அந்த அறிவைக் குசினியிலேயே விட்டுவிட்டுத்தான் எல்லாரும் வந்தார்கள்.

ஐயா காசைத் தொடமாட்டார். விலை கூடிய அறுக்குளா மீன் தொடுவார். பாரையும் தொடுவார். மலிவான சூடை மீன் கொண்டு வந்தால் அவருடைய முகம் கொஞ்சம் வாடும். பின்னேரம் ஒரு கூலர் வண்டி வந்து அவ்வளவு மீனையும் ஏற்றிக்கொண்டு போகும். தியாகி அல்லவா, ஒன்றைக்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ள மாட்டார்.

கொட்டில் வாசலில் கிண்ணியாவைச் சேர்ந்த பக்கீர் நானா கடை போட்டிருந்தார். என்ன கடை என்று நினைக்கிறீர்கள்? தொதல் கடை. தொதல் என்றால் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் போட்டுக் கிண்டுகிற, அல்வா மாதிரி ஒரு தித்திப்பு. சீனி இறங்கியவர்கள் வெளியே வந்ததும், எத்தனையோ வருடமாக ஆசைப்பட்டும் தொடாமல் இருந்த தொதலை வெட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள். இறங்கிய இடத்துக்குப் புதிது ஏற வேண்டாமா? பக்கீர் நானாவுக்கும் சீனி வருத்தம் உண்டு. அவரும் கிழமைக்கு ஒரு தரம் உள்ளே போய்க் காலை வைத்துவிட்டு வந்து, கத்தியில் ஒட்டியிருக்கிற தொதலை வழித்து வாயில் போட்டுக்கொள்வார்.

இதே கரையில் சீனி வருத்தத்துக்கு இன்னொரு சேவையும் நடந்துகொண்டிருந்தது. இலவச சேவை. அதில் நானும் சம்பந்தப்பட்டவன் என்பதால் அடக்கமாகச் சொல்கிறேன், அது ஒரு படுதோல்வி. எங்கள் சுகவாழ்வுக் குழுவுக்கு நான்தான் செயலாளர். வாசிகசாலையில் புதன்கிழமை காலை பத்து மணிக்கு தாதி நஸ்ரியா மிஸ்ஸி வந்து இரத்தத்தில் சீனி பார்ப்பார், பிரசர் பார்ப்பார். வாசலில் "தொற்றா நோய்த் தடுப்புச் சமூகப் பங்கேற்பு வேலைத்திட்டம்" என்று ஒரு பதாகை கட்டியிருந்தோம். அதை வாசித்துப் பார்த்த ஒருவர், "தொத்தாது எண்டு நீங்களே எழுதிப் போட்டிருக்கிறியள், பிறகென்ன பயம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கடலுக்குப் போய் வந்த ஆண்கள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கருவாட்டு வாடியில் நிற்பார்கள். வாசிகசாலைக்கு வருகிறவர்கள் குழுத் தலைவர், பொருளாளர், நான், நிழலுக்காக வருகிற ஒரு நாய். எங்கள் மூன்று பேருடைய இரத்தத்தையும் மிஸ்ஸி வாராவாரம் குத்திக் குத்திப் பார்த்தார். விழிப்புணர்வுக் கூட்டம் என்றும் ஒன்று வைத்தோம். அதிதிக்கு மாலை போட்டோம். சீனியின் தீமை பற்றி அவர் நீண்ட நேரம் பேசினார். பேசி முடிந்ததும் எல்லாருக்கும் கேக்கும், கரண்டி நிமிர்ந்து நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட பால் தேநீரும் கொடுத்தோம். அதற்கு மட்டும் சனம் வந்தது.

வராத சனத்தை நாங்கள் மனதாரத் திட்டினோம். எங்களுக்குத் தெரிந்த சமூகப் பங்கேற்பு அவ்வளவுதான்.

நஸ்ரியா மிஸ்ஸி திட்டவில்லை. வராதவர்களைத் தேடி வீடு வீடாகப் போனார். அப்படிப் போன இடத்தில்தான் இரத்தினேஸ்வரியைக் கண்டார். இரத்தினேஸ்வரி கரையில் கருவாட்டு வாடி வைத்திருக்கிறவள். வாய்க்காரி, கடும் உழைப்பாளி, எங்கள் கிளினிக்குக்குத் தொடக்கத்தில் ஒழுங்காக வந்த ஒரே பெண். திடீரென்று நின்றுவிட்டாள்.

"அக்கா, ஏன் இப்ப வாறீங்க இல்ல?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"எனக்கு இப்ப சீனி இல்லை மிஸ்ஸி. எடுத்தாச்சு."

"மருந்துக் குளிசை போடுறீங்கதானே?"

"நிப்பாட்டிப்போட்டன். கல்லும் குளிசையும் ஒரே உடம்பிலை இருந்தா சண்டை பிடிக்கும் எண்டு ஐயா சொன்னவர்."

அலுமாரியைத் திறந்து போத்தலை எடுத்து வந்து மிஸ்ஸியின் உள்ளங்கையில் வைத்தாள். "நீங்க மிஷினிலை காட்டுறது ஒரு இலக்கம். அது என்ர சீனியோ, பற்றரியின்ர கோளாறோ எனக்கு எப்பிடித் தெரியும்? இதைப் பாருங்கோ. கண்ணாலை காணலாம், கையாலை தொடலாம்."

மிஸ்ஸி போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் இரத்தினேஸ்வரியின் இடக்காலைக் கவனித்தார். சின்ன விரலடியில் ஒரு காயம். சுறா முள் ஏறியதாம். ஓரம் கறுத்து, நடுவில் ஈரம் காயாமல் இருந்தது.

"நோகுதா அக்கா?"

"துப்புரவா நோகேல்லை. நோகாட்டி உள்ளுக்கை ஆறுது எண்டு அர்த்தமாம். ஐயா சொன்னவர்."

சீனிக்காரர் காலில் நோகாத காயம் என்றால் நரம்பு செத்துப்போகிறது என்று அர்த்தம். மிஸ்ஸி அதைச் சொன்னார், ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார், கையைப் பிடித்துக் கெஞ்சினார். இரத்தினேஸ்வரி சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அவளுடைய அண்ணன் இராசநாயகத்தார் மூதூரில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். அவருக்கும் சீனி. இதே மாதிரி ஒரு நோகாத காயத்தைக் கவனிக்காமல் விட்டதால், முழங்காலுக்குக் கீழே வலக்காலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது போடுகிற பிளாஸ்டிக் கால் தோல் நிறத்தில், விரல் நகம்கூட வைத்து, அச்சொட்டாகச் செய்தது. நீளக் காற்சட்டை போட்டு நடந்தால் இலேசாகச் சாய்வார், அவ்வளவுதான். மிஸ்ஸி அவருக்குப் போன் எடுத்தார். அவர் தங்கைக்குப் போன் எடுத்துக் கத்தினார். தங்கை அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"உங்கட காலத்திலை ஐயா இருக்கேல்லை அண்ணை. இருந்திருந்தா உங்கட காலும் தப்பியிருக்கும்."

அந்த வார்த்தை அவரை அடுத்த பஸ்ஸிலேயே எங்கள் ஊருக்குக் கொண்டு வந்து சேர்த்தது. வாசிகசாலையில் இருந்து, அவரும் மிஸ்ஸியும் நானும் கதைத்தோம். அந்தக் கள்ளனைக் கடலுக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இராசநாயகத்தாரின் திட்டம். எனக்கும் அது பிடித்திருந்தது.

"அவரை அடிச்சா சனம் எங்களை அடிக்கும்" என்றார் மிஸ்ஸி. "உங்கட தங்கச்சி கண்ணாலை கண்டதைத்தான் நம்புறா. கண்ணாலையே காட்டுவம். ஆம்பிளையளுக்கு அவர் எந்தக் கால்லை சீனி எடுக்கிறவர்?"

"வலக்கால்" என்றேன் நான்.

இராசநாயகத்தார் தன்னுடைய வலக்காலைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸியைப் பார்த்தார். கள்ளனைக் கடலில் இறக்குகிற எண்ணத்தை உடனேயே கைவிட்டார். "மிஸ்ஸி, இதை என்ர காலெண்டு நம்ப எனக்கே கனகாலம் பிடிச்சது. அந்த ஆள் உடனை நம்பினா நல்லதுதானே."

ஞாயிற்றுக்கிழமை கொட்டில் நிரம்பி வழிந்தது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். இரத்தினேஸ்வரி முன்வரிசையில் இருந்தாள். அண்ணன் அறுக்குளாவும் கையுமாக வருகிறதைக் கண்டு பக்கத்தில் இருந்தவளிடம், "கடைசியா அண்ணைக்குப் புத்தி வந்திட்டுது" என்றாள். மீனின் பருமனைக் கண்ட ஐயா, வரிசையைக் கொஞ்சம் ஒதுக்கி இராசநாயகத்தாரை முன்னால் கூப்பிட்டார்.

இராசநாயகத்தார் கதிரையில் இருந்தார். துணியை முழங்காலில் இருந்து தொட்டி வரை இழுத்துவிட்டார்கள். துணிக்குக் கீழே வலக்காலைத் தூக்கி மணலில் வைத்தார். இரத்தினேஸ்வரி பாதி எழும்பினாள். பிறகு இருந்துவிட்டாள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று பின்னொரு நாள் கேட்டேன். "ஐயாவுக்குத் தெரியாமலோ இருக்கும் எண்டு நினைச்சனான்" என்றாள்.

"கனகாலமாச் சீனியோ?" என்று ஐயா விசாரித்தார்.

"ஓம் ஐயா, கனகாலம்."

"கால் விறைப்பு?"

"வலக்காலிலை ஒரு உணர்ச்சியும் இல்லை."

"முள் குத்தினா?"

"முள்ளென்ன ஐயா, ஆணி அடிச்சாலும் தெரியாது."

"ராவிலை குடையுமோ?"

"ராவிலை அந்தக் காலின்ர நினைப்பே எனக்கு வாறேல்லை."

ஐயா கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "முத்தின சீனி. சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவிலை நிக்கிற கால் இது. நல்ல நேரத்திலை கொண்டு வந்திட்டார்." கண்ணை மூடினார். கல் துணிக்குள் போனது. அன்றைக்கு முணுமுணுப்பும் வழமையைவிட நீளம், அறுக்குளாவுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? கல்லை வெளியே எடுத்தபோது அதன் மேல் கறுப்பு அடர்த்தியாகப் பிடித்திருந்தது. சனம் ஆச்சரியத்தில் சத்தம் போட்டது.

"ஐயா, இது இந்தக் காலிலை இருந்துதானே வந்தது?" என்று இராசநாயகத்தார் மெதுவாகக் கேட்டார்.

"வேறை எங்கை இருந்து வரும்? இப்ப பெருவிரல் வரைக்கும் ரத்தம் பாயுது. தொடாமலே எனக்குத் தெரியுது."

"அப்ப சரி."

இராசநாயகத்தார் துணியை இழுத்துப் பக்கத்தில் போட்டார். காற்சட்டையைச் சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே இருந்த பட்டியைக் கழற்றினார். காலைக் கழற்றி, மணலைத் தட்டி, ஐயாவின் மடியில் வைத்தார்.

"இன்னும் மிச்சம் இருந்தா ஆறுதலா எடுங்கோ ஐயா. எனக்குக் கடைக்குச் சாமான் வாங்க வேணும். பின்னேரம் வந்து காலை எடுத்துக்கொண்டு போறன்."

ஐயா மடியில் கிடந்த காலைப் பார்த்தார். அதன் பெருவிரல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தோடு கதை முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். நம்பிக்கை என்பதை நீங்கள் சரியாக அறியவில்லை. வாசலில் நின்ற பக்கீர் நானா பரவசத்தோடு சொன்னார்: "பிளாஸ்டிக் கால்லயே சீனி எடுத்திருக்காரெண்டா, எவ்வளவு பெரிய மனிசன் செல்லுங்க."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். மூழ்கப்போன ஐயா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஓம். என்ர கல்லுக்கு மாமிசம், பிளாஸ்டிக் எண்டு பேதம் இல்லை."

நஸ்ரியா மிஸ்ஸி முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப கால் ஒண்டும் வைக்காமச் சும்மா மண்ணிலை கல்லை உருட்டிக் காட்டுங்க ஐயா."

"கால் இல்லாட்டி வராது."

"இப்பவும் கால் இருக்கேல்லையே. நானா, உங்கட தொதல் வெட்டுற கத்தியைத் தாங்க."

பக்கீர் நானா கத்தியைக் கொடுத்தார். மிஸ்ஸி அதைக் கல்லுக்குக் கிட்டக் கொண்டு போனார். கத்தி 'டக்' என்று போய்ச் சிவப்புத் துணியில் ஒட்டிக்கொண்டது.

"கத்திக்கும் சீனி வருத்தமோ நானா?"

பக்கீர் நானா யோசித்தார். அவர் நேர்மையான மனிதர். "அதுல தொதல் பட்டிருக்கு மிஸ்ஸி. சீனி இருக்குந்தானே."

"அப்ப கழுவிப்போட்டுத் தாங்க."

கழுவித் துடைத்துக் கொடுத்தார். கத்தி மறுபடியும் ஒட்டியது. ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருவரில் தொடங்கினால் நிற்காது, பெண்கள் பக்கமும் போனது. அதற்குள் புல்மோட்டையில் இருந்து வந்திருந்த றிப்தி என்பவர் எழும்பி வந்து தொட்டிக்குள் கையை விட்டுக் கிளறினார். மேலே வெள்ளை மணல். இரண்டு விரற்கடை கீழே முழுக்கக் கறுப்பு. அதை உள்ளங்கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

"இது எங்கட ஊர் மண்" என்றார். "புல்மோட்டைக் கறுப்பு மண். காந்தத்துக்கு இழுபடும். எங்கட கடற்கரையிலை குவிஞ்சு கிடக்கு, லொறி லொறியா அள்ளுறாங்க. என்ட மகன் அங்கதான் வேலை."

அவர் விடியவே பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து, மீனைக் கொடுத்து, புல்மோட்டை மண்ணை வாங்கி, புல்மோட்டைக்கே கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவர். மண்ணுக்கு அவ்வளவு மரியாதை செய்த ஊர் வேறெங்கும் இருக்காது.

சிவப்புத் துணியை மிஸ்ஸி அவிழ்த்தார். உள்ளே இருந்தது பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் பின்பக்கத்துக் காந்தம். கல்யாண வீடுகளில் எங்கள் காதைச் செவிடாக்குகிற அதே சாமான். ஐயா மெல்ல எழுந்தார். இன்றைக்கு இங்கே தீட்டுப் பட்டுவிட்டது, கல் கோபித்துக்கொண்டது என்று ஏதோ சொன்னபடி வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ஐயா" என்று இராசநாயகத்தார் கூப்பிட்டார். "காலைத் தந்திட்டுப் போங்கோ."

பதற்றத்தில் அதையும் அணைத்துக்கொண்டு புறப்பட்டிருந்தார் மனிதர்.

அவருக்காக வெளியே ஓட்டோ ஒன்று காத்து நின்றது. ஆனால் அதில் அவர் போகவில்லை. ஏனென்று சொல்கிறேன். காலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இராசநாயகத்தார் தங்கையின் பக்கம் திரும்பினார். அவள் இருந்த இடத்தில் இருந்து அசையவில்லை. எல்லாரும் சிரித்தபோதும் அவள் சிரிக்கவில்லை.

"ரதி, உனக்கு நோகேல்லை எண்டு மிஸ்ஸியிட்டைச் சொன்னியாம்."

"ஓம் அண்ணை."

"எனக்கும் நோகேல்லை. ஒரு நாளும் நோகேல்லை. நொந்திருந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பன். நோகாமல்தான் இது போனது." பிளாஸ்டிக் காலைத் தட்டிக் காட்டினார். மேலே பேச அவரால் ஏலவில்லை. கடை வைத்து வியாபாரம் பண்ணுகிற, எதற்கும் பகிடி சொல்கிற அந்த மனிதர் அத்தனை பேருக்கு முன்னால் அழுதார். இவ்வளவு காலமும் இந்தக் கொட்டிலைப் பற்றி நானும் குழுக்காரரும் பகிடி விட்டுக்கொண்டு இருந்தோமே, உள்ளே ஒருத்தியின் கால் அழுகிக்கொண்டு இருந்திருக்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இரத்தினேஸ்வரி குனிந்து தன்னுடைய காலைப் பார்த்தாள். காயத்தின் மேல் விரலை வைத்து அமத்தினாள். இன்னும் கொஞ்சம் பலமாக அமத்தினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மிஸ்ஸி, எனக்குத் தெரியேல்லை. அமத்துறது தெரியேல்லை."

மிஸ்ஸி ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. அவளைத் தாங்கிக்கொண்டு போய் ஐயாவின் ஓட்டோவில் ஏற்றினார். "ஐயா, நீங்க பஸ்ஸிலை போங்க" என்றார். ஐயா தன்னுடைய பெயர் கொண்ட தரிப்பிடத்தில் வெயிலில் நின்று, வந்த முதல் பஸ்ஸில் ஏறிப் போனார். பிறகு இந்தப் பக்கம் அவரைக் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் கொஞ்ச நாள் பிந்தியிருந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் சோடியாகக் கால் செய்ய வேண்டி வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

எங்கள் குழு அவசரமாகக் கூடியது. இன்னும் பெரிய பதாகை கட்ட வேண்டும் என்பது தலைவரின் அபிப்பிராயம். மிஸ்ஸி அவரைப் பேசி முடிக்க விட்டார்.

"தலைவர், அந்த ஆளிட்டைப் பொய் இருந்தது. ஆனா சனத்துக்கு வசதியான நேரம் இருந்தது, இடம் இருந்தது, ஒவ்வொருத்தரின்ர காலையும் பார்த்துக் கதைக்கிற பொறுமை இருந்தது. எங்களிட்டை உண்மை இருக்கு. அதைப் பூட்டி வைச்சுக்கொண்டு, புதன்கிழமை பத்து மணிக்கு வந்து எடுங்க எண்டு சொல்றம்."

தலைவர் பதாகையைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது எங்கள் கிளினிக் விடியற்காலையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில் நடக்கிறது. தோணி கரைக்கு வருகிற நேரத்தில் ஆணும் பெண்ணும் எல்லாரும் அங்கேதானே நிற்கிறார்கள். பேச்சாளர் கிடையாது, மாலை கிடையாது. சீனி போடாத பிளேன்ரீ உண்டு. அதைக் குடிக்கிறபோது தலைவரின் முகம் தனியாகப் பார்க்க வேண்டிய காட்சி. நிலத்தில் ஒரு முகக்கண்ணாடி வைத்திருக்கிறோம். அதற்கு மேலே காலைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொருவரும் தங்கள் உள்ளங்காலைத் தாங்களே பார்க்கலாம். எத்தனையோ பேர் தங்கள் உள்ளங்காலை அங்கேதான் வாழ்க்கையில் முதல் தரம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு நோகாத காயம் இருந்தது. அவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

போன கிழமை இரத்தினேஸ்வரி வந்தாள். அகலச் செருப்புப் போட்டிருந்தாள். மிஸ்ஸி விரலில் குத்தி, மெஷினைப் பார்த்து இலக்கத்தைச் சொன்னார். முந்தி இருந்ததைவிட நல்லாக் குறைந்திருந்தது. அவள் எழும்பாமல் அப்படியே இருந்தாள்.

"மிஸ்ஸி, கோவிக்கக் கூடாது. இந்த மிஷின் சரியாச் சொல்லுது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவும் செய்த மிஸ்ஸியிடமா இந்தக் கேள்வி? ஆனால் மிஸ்ஸியின் முகம் மலர்ந்தது. ஏலத்தில் பெரிய மீன் விழுந்தவர்களுக்குக்கூட அவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

"சோதிச்சுப் பாப்பமா அக்கா?" என்றார்.

பக்கீர் நானாவைக் கூப்பிட்டு வெறும் வயிற்றில் சீனி பார்த்தார். அந்த இலக்கத்தை இரத்தினேஸ்வரியையே வாசிக்கச் சொன்னார். பிறகு நானாவுக்கு ஒரேயொரு துண்டு தொதல் சாப்பிட உத்தரவு கொடுத்தார். சுகாதாரச் சேவையின் உத்தரவோடு தொதல் சாப்பிட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார், கண்ணை மூடி அனுபவித்துச் சாப்பிட்டார். ஏலம் முடிந்து சனம் கலைகிற நேரத்தில் திரும்பவும் விரலில் குத்தினார். இலக்கம் நன்றாக ஏறியிருந்தது. இரத்தினேஸ்வரி அதையும் தானே வாசித்தாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் காட்டினாள். பக்கீர் நானா அந்த இலக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தொதலுக்குப் பதிலாக அவித்த கடலை விற்றால் ஓடுமா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

"எனக்கு எப்பிடித் தெரியும்?" அவ்வளவுதான் கேள்வி. மெஷினிடமும் கேட்கலாம், மிஸ்ஸியிடமும் கேட்கலாம், கல்லிடமும் கேட்கலாம். உண்மையாக இருக்கிறவர் சோதித்துக் காட்டுவார், மற்றவர் துணி போட்டு மூடுவார். இரத்தினேஸ்வரி இதைக் கேட்கப் பழகியது ஒரு விரலைக் கொடுத்த பிறகு. உங்களுக்கு இன்னும் பத்து விரலும் மிச்சமிருந்தால், இப்போதே கேட்கத் தொடங்குங்கள்.